காலி இடத்துக்கு ஒரு கட்டளை

இது குற்றாலலிங்கத்துக்கு நடந்தது. நம்பாதவர்கள் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய் அவனையே கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அங்கே என்.சி.சி.யில் அவன் சீனியர் அண்டர் ஆபீசர். அப்பா மொத்தக்கடையில் மிளகாய் விற்கிறார். மகனுக்கோ தான் ஜெனரல் என்று நினைப்பு. கஞ்சி போட்ட சட்டை, கையில் பிரம்பு. எங்கே போய் நின்றாலும் பிரம்பால் பூட்ஸில் இரண்டு தட்டு. டக்... டக். சின்ன கேடட்டுகள் நடுங்குவார்கள். அதைப் பார்த்துப் பூரித்துப்போவான், அற்பன்.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. அணிவகுப்பில், நடு வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக விடுவார்கள். எல்லோரையும் கலைத்த பிறகு, அந்த இடத்தைப் பார்த்துத் தனியாக ஒருமுறை ‘விசர்ஜன்’ சொல்ல வேண்டும். கலைந்து போகலாம் என்பதற்கான கட்டளை அது. முன்பு பொன்முடி மலை முகாமில், பனிமூட்டத்தில், ஓர் அண்டர் ஆபீசர் ஒரு கேடட்டை ரோட்டு வளைவில் காவலுக்கு நிறுத்தினானாம். “நான் சொல்றவரைக்கும் அசையாதே.” பிறகு அவனை மறந்தே போனான். மற்றவர்களோடு அடிவாரத்து வித்துராவுக்கு இறங்கி சாயா குடித்தான். அந்தக் கேடட் கிடைக்கவே இல்லை.

லிங்கத்துக்கு இதெல்லாம் இளக்காரம். அன்று மாலை ஒத்திகை. மறுநாள் காலை, டெல்லி குடியரசு தின முகாமுக்குத் தேர்வு. மூன்று வருடமாக அவன் ஏங்கியது அதற்குத்தான். எல்லோரையும் கலைத்தான். காலி இடத்தைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தான்.

அவனுக்கு அடுத்த அண்டர் ஆபீசர் ரேஷ்மி பின்னாலேயே ஓடிவந்தாள்.

“லிங்கம் அண்ணா, காலி எடத்துக்கு சொல்லல்லியே.”

“செத்தவனுக்கு என்ன டிரில்லு? போய் பஸ்ஸைப் பிடி.”

கேட்டைத் தாண்டினான். பின்னால் பூட்ஸ் சத்தம். யாரோ கேடட் என்று நினைத்தான்.

நின்றான். அதுவும் நின்றது.

திரும்பினான். யாரும் இல்லை.

சாலைக் கடைத்தெருவில் அத்தனை கூட்டம், அத்தனை ஹாரன். அதற்கு நடுவிலும் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அவன் காலுக்குச் சரியாக, ஒரே தாளத்தில்... சட்டையின் முதுகு நனைந்திருந்தது. மழை இல்லை. தொட்டால் ஐஸ் மாதிரிச் சில்லிட்டது.

வீட்டு மாடிப்படி ஏறினான். அதுவும் ஏறியது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிரம்பைக் கட்டிலில் போட்டான்.

கதவுக்கு வெளியே...

டக்... டக்.

ஜெனரலுக்கு வியர்த்து ஊற்றியது. இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தான்.

காலையில் தேர்வு. மேஜையின் பின்னால் மூன்று அதிகாரிகள். அணியை விறைப்பாக நிற்கவைக்கும் ‘சாவ்தான்’ கட்டளையைச் சொல்ல லிங்கம் வாயைத் திறந்தான். காதுக்குப் பக்கத்தில், டக்... டக்.

குரல் வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவர்கள் அவன் பெயரை அடித்தார்கள். டெல்லி போயே போய்விட்டது.

நேராக மைதானத்துக்கு ஓடினான். காலி இடம் இருக்கும் மண்ணைப் பார்த்துக் கத்தினான். “விசர்ஜன்.” மறுபடியும் கத்தினான். மண்ணிடம் கெஞ்சினான் என்பதே சரி.

ரேஷ்மி வந்து நின்றாள்.

“எதுக்கண்ணா இப்போ? நேத்து நீங்க போனதுமே நான் சொல்லியாச்சு. அவன் அப்பவே போயிருப்பான்.”

“பின்னே... என் பொறத்தால வர்றது யாரு?”



“கேடட்டை மறந்துபோன அந்த ஆபீசர் இருக்காரில்லே... ஞாபகம் வந்ததும் அவரும் திரும்ப மலையேறிப் போனாராம். அவரும் வரல்ல. அவருக்கு மட்டும் யாரும் எடம் விடல்ல.”

லிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கேடட்டின் கையில் பிரம்பு இருக்காது.

டக்... டக்.