கஞ்சி போட்ட கட்டுத்துணி

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டிக்கு, அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய காட்சிதானே? எனக்கோ ஆத்திரமாக வந்தது... யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் மாமாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டது. சேலத்தில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார். ஆனால், இனி மலம் போவதெல்லாம் இடது பக்க வயிற்றில் வைத்த துவாரம் வழியாகத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்மேல் பஞ்சு வைத்து, துணியால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஆள் இருக்கிறாரே, அது போதும் என்று தேற்றிக்கொண்டோம். பிறகுதான் ஆரம்பித்தது அவஸ்தை. துவாரத்தைச் சுற்றித் தோல் வெந்து, உரிந்து, புண்ணாகிவிட்டது. குனிந்தால் எரிச்சல். உட்கார்ந்தால் உயிர் போகும். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நர்ஸ் பழைய கட்டை அவிழ்த்து வாளியில் போட்டு, புண்ணைக் கழுவி, வெள்ளைக் களிம்பு தடவி, ஆஸ்பத்திரித் துணியால் கட்டி அனுப்புவார். சற்றுக் குறையும். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கிளம்பும்!

இதற்கு நடுவே மகள் பாவாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் மணையில் உட்கார வேண்டாமா?

"ஆசை இல்லாமயா சாமி? வலி பொறுக்காம பாதியில எந்திரிச்சுப் போனா எம்புள்ளைக்குத்தானே கேவலம்?" என்றார் மாமா.

அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். புருஷன் இல்லாமல் தனியாக மணையேற முடியாதே... அக்காளும் ஒதுங்கிக்கொண்டாள். மாமா உள் அறையில் சுவரைப் பிடித்து நின்றபடி கெட்டிமேளத்தைக் கேட்டார். எனக்கு அந்தப் பக்கம் போகவே மனசு வரவில்லை.

கல்யாணம் முடிந்த பிற்பாடு ஒருநாள் ஆஸ்பத்திரியில் துணித் தட்டுப்பாடு. யுத்த காலம் அல்லவா? வீட்டில் மாற்றிக் கட்டுகிற துணி கைவசம் இருந்தால் கொடுங்கள் என்றார் நர்ஸ். அக்காள் கொடுத்தாள். வாங்கியவர் திகைத்துவிட்டார்.

"என்னம்மா இது, அட்டை மாதிரி நிக்குது?"

"எங்க தறியில நெஞ்ச புதுத்துணிங்க. கஞ்சி போட்டுக் காயவெச்சதுங்க."

"புண்ணுக்குக் கட்டுற துணிக்கா கஞ்சி!"

"ஏனுங்க, கஞ்சியில்லாத துணியக் கட்டிக்கிட்டு நாலு பேருக்கு முன்னால எப்படிங்க வருவாரு?"

நெசவாளி வீடு. கட்டுகிற துணி எதுவானாலும் கஞ்சியில் முக்கி எடுத்தால்தான் அது துணி. விறைப்பான ஓரம் தோலை அறுத்தது. ஈரம் பட்டதும் கஞ்சி புளித்துப் புண்ணில் ஒட்டியது. களிம்பு ஆற்றியதையெல்லாம் துணி கிளறிவிட்டது.

குற்றம் சொல்ல ஆள் தேடிப் பார்க்கிறேன்... அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்தார்கள். வாளிக்குப் போன துணியைப் பார்க்கவில்லை. அக்காளோ புருஷனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அன்பாகச் செய்கிற காரியத்தை யார் நிறுத்திக் கேள்வி கேட்கிறோம்?

அன்று முதல் நர்ஸ் சொன்னபடி வெந்நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, அதே களிம்பு. கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டிக் கிழிசலில் கட்டு. அவ்வளவுதான், தோல் மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் அடுப்படியில் நின்று அழுதாள். "எங்கையாலயே கெடுத்துப்போட்டனே சாமி... மணையில உக்காந்திருப்பாரே!"

மாமா சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார். "உடு புள்ள. அடுத்த கல்யாணத்துக்கு ரெண்டு பேருமா உக்காந்துக்கலாம்."

அவர்களுக்கு இருப்பது ஒரே மகள்.