எருமையை விட்டுவிட்டுச் சேலத்துக்குச் சதுரங்கம் ஆடப் போனது

என் மனைவி பாவாயி சதுரங்கத்தில் என்னைத் தோற்கடிக்காத வாரமே கிடையாது. சேலத்தில் போட்டி, யாவரும் ஆடலாம் என்று நோட்டீஸ் வந்ததும், சென்ற தை மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வெளியாள் ஒருவரையாவது அவள் ஜெயித்துவிட்டால், ஊரில் என் மானம் கொஞ்சம் மிஞ்சுமே!

நாமக்கல்லிலிருந்து முப்பத்திரண்டு மைல். காலை ஆறு மணி பஸ், ஆளுக்குப் பன்னிரண்டணா. யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் கரியில்தான் ஓட்டுகிறார்கள். மேட்டில் இறங்கித் தள்ளி, ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் இருபத்திரண்டு ஆண்கள். பெண் இவள் ஒருத்திதான். "ஏம்மா, வீட்டுக்காரருக்குத் துணைக்கு வந்தீங்களா?" என்றார் போட்டி நடத்துபவர்.

"ஆட வந்தது நானுங்க. அவருதான் தொணைக்கு" என்றாள்.

முதல் ஆட்டத்தை மதியத்துக்குள் ஜெயித்தாள். இரண்டாவதில் ஒரு யானையை வெட்டி முன்னால் இருந்தாள். எதிரே ஒரு வக்கீல் குமாஸ்தா. கன்னத்தில் வைத்த கையை மனிதர் எடுக்கவே இல்லை. மணி மூன்றாகிவிட்டது. கடைசி பஸ் மூன்றரைக்கு. பாதியில் எழுந்தால் தோல்வி என்பது விதி.

"ஏனுங்க, எருமை என் கை பட்டாத்தானுங்க கறக்கும். கறக்காட்டி மடி கட்டிக்கும். ஊட்டுக்குப் போயிரலாங்க" என்றாள். கண் மட்டும் பலகையிலேயே இருந்தது. அங்கே இருந்த அத்தனை ஆண்களின் வீட்டிலும் மாடு கறக்க ஒருத்தி இருந்தாள். அதனால்தான் அவர்கள் நிதானமாக யோசிக்க முடிந்தது.

"நீ ஆடு. நான் போய்க் கறக்கறேன்" என்றேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அவள் அண்ணன், சேலத்தை ஒட்டிய அயோத்தியாப்பட்டணத்துக்காரர். "எங்க ஊட்டுல தங்கிக்கட்டும். நீங்க கெளம்புங்க மாப்பிள்ளை" என்றார்.

வீட்டுக்கு வந்து கறக்க உட்கார்ந்தால், எருமை முதலில் உதைத்தது. பாவாயியின் புடவையைச் சுற்றி, முக்காடும் போட்டு, அவளைப் போலவே "வா சாமி" என்று கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்தேன். மோந்து பார்த்துவிட்டுப் பால் விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி ஒருவன், "ஊட்டுக்காரம்மா எப்பங்க வந்தாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள் முதலில் கேட்டது, "கறந்துச்சுங்களா?"

"கறந்துச்சு. நீ?"

"குமாஸ்தாவ அஞ்சு மணிக்கு ஜெயிச்சேனுங்க. அடுத்தவருகிட்டத் தோத்துட்டேன். வார வருசம் பாத்துக்கலாங்க." முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பெண்களுக்கு இந்த ஆட்டத்துக்கான புத்தி போதாது என்று மண்டபத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் வீட்டு மாட்டை யார் கறக்கிறார்கள் என்று கேட்காமல் வந்துவிட்டேன். மனைவியை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு: கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், மண்டபத்தருகே நல்ல கிளப்புக் கடை இல்லை. அவளுக்குத் தங்க இடம் பார்த்துவையுங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே மாட்டுக்கு உங்கள் கையைப் பழக்குங்கள்.