காஜா பேராங்கில் தூண்களுக்கு வணக்கம்

மலாக்காவின் காஜா பேராங்கில், வெள்ளைக்கார ராணி காலத்துப் பள்ளிக்கூடம் இப்போது ஜப்பானியர் முகாம். செங்கல் வளைவுகள், ஓர் ஆளை மறைக்கும் பருமனான தூண்கள், நீண்ட வராந்தா. காவல் சிப்பாய் வெயிலுக்கு ஒதுங்கி ஏதோ ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பான். குனிந்து வணங்காமல் போனால் கன்னம் பழுத்துவிடும். எந்தத் தூண் என்று தெரியாததால், சைக்கிளை விட்டிறங்கி ஒவ்வொன்றுக்கும் குனிந்தபடி நகர்கிறேன்.

எதிரே அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கும் பாய் சிரிக்கிறார்.

“சிப்பாய் அப்பவே சாப்பிட உள்ள போயிட்டான், தம்பி.”

திரும்பிப் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு ரிக்‌ஷாக்காரர், கூடையோடு இரண்டு சீனப் பெண்கள், எல்லோரும் தூண் தூணாகக் குனிந்து வருகிறார்கள்.

“அப்ப இவங்கல்லாம் ஏன் குனியிறாங்க, பாய்?”

“உங்களப் பாத்துத்தான் லா.”

இன்னும் ஒரு தூண் பாக்கி. அதற்கும் குனிந்துவிட்டே சைக்கிளில் ஏறுகிறேன்.