டிரம்மின் முதுகில் இருந்த பட்டை

பில்லில் கையெழுத்துப் போடுமுன் ஞானம்மாள் பேனாவை மூடிக் கொண்டையில் செருகிக்கொள்வாள். எழுந்து முற்றத்தைக் கடந்து ஸ்டோருக்கு வருவாள். பில்லில் எழுதியிருக்கும் சரக்கின்மேல் உள்ளங்கையை வைப்பாள். இரும்புக் கம்பியோ சாக்குமூட்டையோ, தொட்ட பிறகுதான் பேனா கொண்டையிலிருந்து இறங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குக் கணக்கெழுதுகிறவள் அவள்.

“பில்லுக்கு ஜுரம் பாக்க வந்துட்டாங்கப்பா” என்பான் ஸ்டோர்கீப்பர் தேவராஜ், அவள் காதில் விழும்படியாகவே.

அறுபத்தொன்பதில், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அந்தக் கேலி நின்றது. பூஜைக்கு முன் எண்ணெய் டிரம்கள் இறக்கிய வியாபாரி சம்பத், வண்டியோடு திரும்பி வந்தான். “சரக்கு மாறிப்போச்சு அண்ணாத்தே, நாளைக்கு வேற தர்றேன்” என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். மறுநாள் டிரம்களை இறக்கிவிட்டு ஒரு சீட்டை நீட்டினான். மாற்றிக் கொடுத்ததற்கான சீட்டு என்று நினைத்துத் தேவராஜ் கையெழுத்திட்டான். அதுவோ புதுச் சரக்குக்கான சீட்டு. அதை வைத்துச் சம்பத் இரண்டாவது பில் போட்டுவிட்டான்.

காகிதத்தில் இரண்டு லோடு, ஸ்டோரில் ஒன்றுதான். இன்னொன்றைத் தேவராஜ் விற்றுத் தின்றுவிட்டான் என்றார் முதலாளி.

“என் புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கல மொதலாளி!”

பக்கத்தில் நின்ற சம்பத் பாவம்போல உச்சுக்கொட்டினான்.

அப்போதுதான் ஞானம்மாள் ஸ்டோருக்குள் வந்தாள். டிரம்களின் முன்பக்கம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல் பளபளத்தது. சுவருக்கும் டிரம்முக்கும் நடுவே கையை விட்டுத் தடவியவள் சட்டென்று நின்றாள்.

“இதைத் திருப்புங்க தேவராஜ்.”

டிரம்மின் முதுகில் காய்ந்த சந்தனப் பட்டை.

“எங்க குடோன்லயுந்தாம்மா பூஜை போட்டோம்,” என்றான் சம்பத், அசராமல்.

“போட்டிருப்பீங்க. பூங்காவனத்தை வரச் சொல்லுங்க.”

பட்டறையைப் பெருக்குகிற பூங்காவனம் துடைப்பத்தோடு வந்தாள். பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசியது அவள்தான்.

“பின்னாலயுமா பூசின?”

“பின்ன? பேயி மின்னாடிதான் வந்து குந்தும்னு இன்னாம்மா சட்டம்?”

“அதுமேல கையை வை.”

பூங்காவனத்தின் நடுவிரலில் பாதியைப் பிரஸ் மிஷின் எப்போதோ தின்றிருந்தது. அவள் விரல்களைப் பட்டையின்மேல் வைத்தாள். சந்தனத்தில் இரண்டு கோடு, நடுவே வெற்றிடம். விரல்கள் அச்சாகப் பொருந்தின. அடுத்த டிரம்மிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பூஜையன்று இதே ஸ்டோரில் நின்ற அதே டிரம்கள்.

ஞானம்மாள் பேனாவை உருவி, பில்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்துச் சம்பத்தின் கையில் கொடுத்தாள். தேவராஜ் மின்னலைக் கையெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டவன்போல், அவள் முற்றத்தைக் கடந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாதங்கள் கழித்து வாட்ச்மேன் உலகநாதன் ஒன்று சொன்னான். அன்று முதலாளி சொல்லியனுப்பி, ஒரு போலீஸ்காரர் தேவராஜைக் கூட்டிப்போக வாசல் கேட் அறையில் வந்து உட்கார்ந்திருந்தாராம். “நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க” என்று சொல்லி, டீ வரவழைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஞானம்மாள் ஸ்டோருக்குப் போனாளாம்.