தில்லைத்துறைக்குப் பாலம் சொன்னவர்

அன்று பாராளுமன்றக் குழுநிலை விவாதத்தில் உரைபெயர்க்கும் என் முறை முடிந்ததும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, வெளி அறையில் வைத்திருந்த கைபேசியை எடுக்க விரைந்தேன். அருள்மலர் மிஸ்ஸை அழைத்து, "மிஸ், உங்கட பாலம் இந்த முறை செலவுத் தலைப்புக்குள்ள வந்திட்டு" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் எப்படிச் சிரிப்பார் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். கைபேசியைத் திறந்தால் அவருடைய அண்ணன் மகனின் செய்தி வந்து கிடந்தது: "மாமி காலமை மோசம் போயிட்டா. அடக்கம் நாளைக்குப் பின்னேரம்."

வாய் தானாக "இன்னாலில்லாஹி" ஓதியது. பாராளுமன்றத்தைச் சுற்றிக் கிடக்கும் தண்ணீரை யன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கொக்கு காலை மாற்றி வைத்தது. உள்ளே யாரோ ஒரு உறுப்பினரின் நேரம் முடிந்துவிட்டதாக மணி அடித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பிறகுதான் அவர் காலையிலேயே போய்விட்டார் என்பது புத்திக்கு எட்டியது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்றால் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் கொழும்பில் அவரோடு வேலை செய்த நாங்கள். மற்றக் கூட்டம் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. அவர்களில் பலர் அவருடைய முகத்தைக் காணுமுன் குரலைக் கேட்டவர்கள். அமைச்சர்களும் உறுப்பினர்களும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவதை அந்தக் கணமே தமிழில் சொல்லும் உரைபெயர்ப்பாளர் அவர். அவைக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கூண்டில், என் பக்கத்துக் கதிரையில், பல வருடம் இருந்தார். நான் ஏறாவூர், அவர் படுவான்கரையில் பிறந்து, வாவியின் கிழக்கே நாவற்குடாவில் வீடு கட்டிய மெதடிஸ்தக் குடும்பம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை "நானா" என்பார். நான் கடைசிவரை "மிஸ்" என்றே கூப்பிட்டேன்.

அந்தக் கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழே நடப்பதெல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோலத் தெரியும். ஆட்கள் கையை ஆட்டுவார்கள், எழும்புவார்கள், சிரிப்பார்கள், சத்தம் மட்டும் காதுக்குள் வேறெங்கிருந்தோ வரும். அது காதால் வந்து வாயால் போய்விடும், நடுவில் தங்காது. அரை மணி நேரம் பேசிவிட்டு எழும்பினால் என்ன பேசினோம் என்று கேட்டால் தெரியாது. மிஸ் சொல்வார்: "நித்திரையில பேசுற மாதிரித்தான் நானா. நாம மறந்திருவம். பக்கத்தில படுத்துக் கிடந்தவன் மறக்கமாட்டான்." அவர் இதைச் சொல்லக் கேட்டு நான் நிறையச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுபவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அமைச்சர் கூறுகிறார்" என்று தள்ளி நிற்கக் கூடாது. ஆகவே எந்த நிதியமைச்சர் எழும்பினாலும் மிஸ்தான் தமிழில் நிதியமைச்சர். வரியைக் கூட்டுவார், சம்பளத்தை உயர்த்துவார், எதிர்க்கட்சியைப் பார்த்து ஏளனமும் செய்வார். வரவு செலவுத் திட்ட உரை நடக்கும் நாளில் அந்தக் குரல் வானொலி வழியாக நாடு முழுக்கப் போகும். உரை முடிந்து பெரியவர்கள் தேநீர் விருந்துக்குப் போனதும், மிஸ் தன் போத்தலில் கொண்டுவந்த இஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு உரையில்தான் தில்லைத்துறைப் பாலம் வந்தது. அது அவருடைய சொந்த ஊரின் துறை. அங்கே இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை அடித்த மிதவையில்தான் ஆட்கள் வாவியைக் கடப்பார்கள். அதை அந்தப் பக்கத்தில் 'பாதை' என்பார்கள். இருட்டினால் பாதை ஓடாது, மாரியில் காற்று எழும்பினாலும் ஓடாது. ஆஸ்பத்திரி இக்கரையில், பட்டணப் பக்கம். பிள்ளைப்பேற்று நோவு கண்டவர்களைத் துறையில் வைத்துக்கொண்டு, காற்று விழட்டும் என்று காத்திருந்த கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மிஸ்ஸின் அண்ணி அப்படிக் காத்திருந்தே ஒரு பிள்ளையை இழந்தவர்.

நிதியமைச்சர் உரையின் நடுவில், வேறு பல இடங்களோடு சேர்த்து, அந்தப் பெயரையும் வாசித்தார். "தில்லைத்துறையில் ஒரு பாலத்தை நான் அமைப்பேன்" என்று என் பக்கத்தில் மிஸ்ஸின் குரல் சொன்னது. வழக்கத்தைவிட ஒரு மூச்சும் அதிகம் எடுக்கவில்லை. ஆனால் மேசையின் கீழே அவருடைய கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. உரை முடியும்வரை விடவில்லை.

அந்த நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து சொன்ன கதையை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். பாதையில் கால் வைத்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்களாம். மீன் விற்கும் தங்கம்மா என்ற பெண் அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ரேடியோவில நம்மட புள்ளதான் பாலம் கட்டுறன் எண்டு சொன்ன. நான் என்ட காதால கேட்டன்" என்றாளாம். அது அமைச்சரின் பேச்சு, தான் தமிழில் சொன்னது மட்டும்தான் என்று மிஸ் விளக்கியிருக்கிறார். தங்கம்மா கேட்டுவிட்டு, "அது சரி புள்ள. எப்ப தொடங்குற?" என்று கேட்டாளாம்.

நாங்கள் கூண்டுக்கு வெளியே வயிறு வலிக்கச் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார். அடுத்த வருடம் அதே கேள்வி. அதற்கடுத்த வருடம் கேள்வி கொஞ்சம் சூடாக வந்தது. பாதை ஓட்டுபவர் கூலி வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதன் பிறகு மிஸ் சிரிக்கவில்லை.

"இதென்ன மிஸ், அமைச்சர் சொன்னதுக்கு நீங்க ஏன் வாடுறீங்க? தபால்காரனோட யாரும் சண்டைக்குப் போறதா?" என்று நான் கேட்டேன்.

"அவர் சொன்னது அவைக்கு நானா. அந்த ஆக்களுக்குச் சொன்னது நான். அவரிட குரல் அவங்களுக்கு எப்படி இரிக்குமெண்டே தெரியாது" என்றார்.

அப்போது இது எனக்குப் பிடிவாதமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி பிடிவாதம் என்றுதான் சொல்வேன். மனுஷி பிடிவாதக்காரிதான்.

குழுநிலை விவாதத்தை மிஸ்ஸுக்கு மிகவும் பிடிக்கும். உரை நாளில் வரும் கூட்டம் அதற்கு வராது. அமைச்சு அமைச்சாக, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கும் பணத்தின் தலைப்புத் தலைப்பாகப் போகும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எதிர்க்கட்சியில் ஒருவர் எழுந்து, மரபுப்படி இந்தத் தலைப்பைப் பத்து ரூபாவால் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். யாருக்கும் அந்தப் பத்து ரூபா தேவையில்லை. அந்த அமைச்சின் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பதற்கான வழக்கம் அது. "பத்து ரூபாவுக்கு ஒரு அமைச்சரக் கேள்வி கேக்கலாம். கொழும்பில இதவிட மலிவா என்ன இரிக்கி?" என்பார்.

ஒரு வருடம், தென்பகுதி உறுப்பினர் ஒருவர் அந்தப் பத்து ரூபா வெட்டைப் பிரேரித்துவிட்டு, அறிவித்த பாலங்களெல்லாம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். தில்லைத்துறையையும் சொன்னார். அந்த முறை மைக் மிஸ்ஸிடம் இருந்தது. "நான் கேட்கிறேன், அந்தப் பாலம் எங்கே?" என்று கேட்டது அவருடைய குரல். அமைச்சர் எழும்பினார். "நான் அதைப் பற்றி ஆராய்ந்து வருகிறேன்" என்றதும் அவருடைய குரல்தான். முடிந்ததும் வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். "நானே கேட்டு நானே மழுப்பிப் போட்டன் நானா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், கண் நிறைந்துவிட்டது. கன்டீனில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு தொண்டையில் சத்திரசிகிச்சை வந்தது. குரல் காற்றாகிப் போனது. காலத்துக்கு முன்பே ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு நாவற்குடாவுக்குப் போய்விட்டார். இனித் துறைப் பக்கம் தலைகாட்டமாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரோ வரவு செலவுத் திட்டக் காலம் வந்தால் அக்கரைக்குப் போய், வேளாண்மை செய்யும் அண்ணன் வீட்டில் தங்கி, காலையும் மாலையும் துறையில் உட்காரத் தொடங்கினார்.

ஒரு விடுமுறையில் நான் போய்ப் பார்த்தேன். வாவி அசையாமல் கிடந்தது. எதிர்க்கரைத் தென்னைகள் புகாருக்குள் பாதியாய் நின்றன. பாதை வருவது கண்ணுக்குத் தெரியவில்லை, பேச்சுச் சத்தம் மட்டும் தண்ணீர்மேல் முன்னால் வந்தது. எனக்கு ஒரு கணம் காதில் கருவி மாட்டியதுபோல இருந்தது. துறையில் பத்துப் பன்னிரண்டு பேர் மிஸ்ஸைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அந்தக் காற்றுக் குரலைக் கேட்க எல்லோரும் கழுத்தை நீட்டியிருந்தார்கள்.

"பேச்சில வந்தா அது பேச்சுத்தான். தலைப்புக்குள்ள வரோணும். வந்தா அதுக்கு வாக்கெடுப்பு இரிக்கி, மறுகா கணக்கும் கேக்கலாம். அந்தத் தலைப்பு எடுக்கிற நாளைக்கு முந்தி நம்மட எம்பிக்கிட்டப் போகோணும். முடிஞ்ச பிறகு போய் அழுது வேலையில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனார்கள். வருடாவருடம் போனார்கள். ஒவ்வொரு குழுநிலையிலும் யாராவது ஒரு உறுப்பினர் தில்லைத்துறையைக் கேட்டார். நான் கூண்டுக்குள் இருந்து அதைத் தமிழில் சொன்னேன், பதிலையும் சொன்னேன். இரவில் மிஸ் அழைத்து, "சரியாச் சொன்னீங்க நானா, ஒண்டும் கூட்டயுமில்ல, குறைக்கயுமில்ல" என்பார். பத்து ரூபா வெட்டோ ஊருக்குள் இறங்கிவிட்டது. தங்கம்மாவிடம் மீன் வாங்குகிறவர்களெல்லாம் "மரபுப்படி பத்து ரூபா குறைக்கோணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "அத அமைச்சருக்கிட்டக் கேளுங்க, என்ட மீனுக்கிட்டக் கேளாதீங்க!" என்று அவள் கத்துவாளாம். இதைச் சொல்லும்போது மிஸ்ஸின் சிரிப்பு வெறும் மூச்சாக வரும். அந்த மூச்சைத்தான் நான் இப்போது அதிகம் தேடுகிறேன்.

செய்தி வந்த இரவே ரயில் ஏறினேன். நித்திரை வரவில்லை, விழிப்பும் இல்லை. அன்று பகல் நான் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது: தில்லைத்துறைப் பாலத்தின் ஆரம்ப வேலைகளுக்கு இந்தத் தலைப்பின் கீழ் ஒதுக்கியுள்ளேன், வரும் ஆண்டில் தொடங்குவேன். மிஸ் இதைக் கேட்கவில்லை. காலையில் போய்விட்டார், நான் சொன்னது பின்னேரம். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

நாவற்குடா வீட்டில் போதகர் ஜெபித்து முடித்ததும், அடக்கத்துக்குச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். துறை வரைக்கும் வழியெல்லாம் வெள்ளைக் கொடி. பெட்டியைப் பாதையில் ஏற்றினார்கள். நடு வாவியில் பாதை ஓட்டுபவர், யாரும் சொல்லாமலே, எஞ்சினை நிறுத்தினார். இரண்டு பேர் மரக்கோல் ஊன்றித் தள்ளினார்கள். வெயில் சாய்ந்து தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. நாங்கள் போகிறோமா நிற்கிறோமா என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "கொஞ்சம் இஞ்சால வாங்க, பெட்டியில முட்டுது" என்று மெல்லச் சொன்னேன்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள்தான் தங்கம்மா.

"உங்கட குரல் எனக்குத் தெரியும்" என்றாள். "நேத்து ரேடியோச் செய்தியில, வாற வருசம் பாலம் தொடங்குறன் எண்டு சொன்னது நீங்கதானே?"

பாதையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். அது அமைச்சர் சொன்னது, நான் தமிழில் சொன்னது மட்டும்தான். முழுத் தொழில்வாழ்க்கையிலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

"ஓம் தங்கச்சி. நான்தான் சொன்னனான்" என்றேன்.

"தொடங்காட்டி?"

"இஞ்ச வாறன். வந்து பதில் சொல்றன்."

அவள் பெட்டியின் மேல் கையை வைத்து, உள்ளே இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "புள்ள, கேட்டயா? இனி இவரக் கேக்கிறம். நீ படு."

அருள்மலர் மிஸ்ஸிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இதுதான். அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும் கார்த்திகையில் நான் தில்லைத்துறைக்குப் போக வேண்டும்.