மனாங் பெர்பேத்துவாவும் ஊர் நிறைய மாரேக்களும்

மனாங் பெர்பேத்துவாவைப் போல ஒரு பிடிவாதக்காரி எங்கள் இலோயிலோ நகரில் இல்லை. மரியாதைக்காக எல்லோரும் அவரை மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். தொழிலாளர் அலுவலக ஜீப்பை ஓட்டுகிறவன் நான். எத்தனையோ இன்ஸ்பெக்டர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். சோதனைக்குப் போன இடத்தில் காபி கொடுத்தால் குடிப்பார்கள். இவர் தண்ணீர்கூட வீட்டிலிருந்துதான் கொண்டுவருவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யார் பிள்ளைக்கும் ஞானத்தாயாக நிற்க மாட்டேன் என்பார்.

இங்கே ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றுவிட்டால் அதன் அம்மாவும் நீங்களும் 'மாரே' ஆகிவிடுவீர்கள், உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேல். மாரேயின் கடைக்குப் போய் சம்பளம் ஒழுங்காகத் தருகிறாயா என்று எந்த முகத்தோடு கேட்பது? முதலாளிகளுக்கு அது நன்றாகவே தெரியும். கிறிஸ்துமஸ் அன்று ஊரில் எல்லா வாசலிலும் பரிசு வாங்க ஞானப்பிள்ளைகள் மொய்ப்பார்கள். கல்யாணமும் செய்துகொள்ளாத மனாங்கின் வாசல் மட்டும் வெறிச்சென்று கிடக்கும். பார்க்கிற எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

அந்த மே மாதம் தியோதாத்தா என்பவளின் ரொட்டிக் கடைக்குச் சோதனைக்குப் போனோம். பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேலைக்காரங்களா? அப்படிச் சொல்லாதீங்க மனாங்," என்றாள் தியோதாத்தா. "எல்லாரும் என் மாரேங்க. இவங்க பிள்ளைங்க அத்தனைக்கும் நான்தான் ஞானத்தாய். ஒத்தாசைக்கு வர்றாங்க, நானும் கையில ஏதோ குடுக்கறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதை மனசார நம்பினாள், அதுதான் சிக்கல்.

மனாங் ஒவ்வொருத்தியாக ஜீப் பக்கம் கூப்பிட்டு விசாரித்தார். எல்லோரும் கிளிப்பிள்ளை போல அதையே ஒப்பித்தார்கள். கடைசியாக ஆர்லின் வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தொழிலாளி என்று பதிவானால் அவளுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. இல்லையென்றால் மூத்தவனைப் பெற்றபோது போல, தொப்புள் காய்வதற்குள் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார வேண்டும்.

மனாங் சம்பளப் பேச்சையே எடுக்கவில்லை. தங்கச்சியைக் கூப்பிடுவது போல 'இண்டாய்' என்று ஆரம்பித்தார்.

"உங்க ஊர்த் திருவிழாவுக்கு வீட்ல பன்னி சுட்டீங்களா இண்டாய்?"

"மாமியார் சுட்டாங்க. நான் இங்கதான் இருந்தேன். திருவிழான்னா ஆர்டர் குவியும்ல."

"போயிட்டு வரேன்னு கேக்கலயா?"

"கேட்டேன். மாரே விடல."

"ஒத்தாசைக்குப் போன வீட்லேர்ந்து கிளம்ப எதுக்குடி அனுமதி?"

ஆர்லின் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உண்மையைச் சொன்னா அவங்க என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க மனாங். மூத்தவனுக்கு டெங்கு வந்தப்ப ஆஸ்பத்திரியில கூடவே கிடந்தது அவங்கதான்."

"நல்லவதான், எனக்கும் தெரியும். நல்லவகிட்ட செஞ்சாலும் வேலை வேலைதான்."

ஆர்லின் சொல்லிவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் சொன்னார்கள். எல்லோரையும் தொழிலாளிகளாகப் பதிய உத்தரவு போயிற்று. தியோதாத்தா பதிந்தாள், ஆனால் ஆர்லினோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆர்லின் அதைத் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்து, மனாங்கையே ஞானத்தாயாக நிற்கச் சொல்லிக் கெஞ்சினாள். குழந்தையைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று பயமோ என்னவோ, மனாங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாட்டேன். அடுத்த வருஷமும் அந்தக் கடைக்கு நான்தான் வரணும். போய் தியோதாத்தாவையே கேளு."

"திட்டுவாங்க."

"திட்டறதுக்காவது வாயைத் திறப்பா இல்ல?"

ஞானஸ்நானத்தன்று மனாங் மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். தியோதாத்தா வந்திருந்தாள். முகம் உம்மென்று இருந்தாலும் குழந்தையை வேறு யார் கையிலும் தரவில்லை. பூசை முடிந்ததும் ஆர்லினைப் பார்த்து, "விடுப்பு முடியறதுக்கு முன்னாடி கடைப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்," என்றாள். ஆர்லின் அழுதுகொண்டே சிரித்தாள்.

தியோதாத்தா விறுவிறுவென்று எங்கள் பெஞ்சுக்கு வந்தாள்.

"இந்தாங்க, பிடிங்க. தூக்கக்கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே?"

மனாங் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆர்லின்தான் ஓடிவந்து, குழந்தையின் தலைக்கு அடியில் அவர் கையை எடுத்து வைத்தாள்.