படிக்கப்படாத ஐந்தாம் பக்கம்

எங்கள் குடும்பத்துக் காகிதங்களில், 1912-ஆம் ஆண்டுக் கட்டினுள், ஐந்து பக்கங்கள் கொண்ட ஓர் ஆங்கிலக் கட்டுரை இருக்கிறது. முதல் நான்கு பக்கங்களின் ஓரங்களில் பேராசிரியரின் சிவப்புப் பென்சில் குறிகள் உண்டு. ஐந்தாம் பக்கத்தில் ஒரு குறிகூட இல்லை. அது மட்டும் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் இற்றுப்போயிருக்கிறது. எழுதியவர் என் தகப்பனார் சிவராமகிருஷ்ணன். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அவருடைய அத்தை மகன் வாஞ்சிநாதன், இரண்டு வருஷங்களுக்கு முன் கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்க வந்து, காளிகாட்டில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். இருவருக்கும் ஒரே வயது, ஒரே கல்லூரி, ஜன்னலோரம் ஒரே மேஜை. ஆறு மாதத்தில் வாஞ்சிநாதன் வங்காளி பேசக் கற்றுக்கொண்டார். கல்கத்தாவிலேயே பிறந்த என் தகப்பனாருக்கு அது கடைசிவரை சரளமாக வரவில்லை.

"காய்க்காரன் வாஞ்சியைப் பார்த்தா 'எஷோ தாதா', வா அண்ணாங்கறான். உன்னைப் பார்த்தா விலையை ஏத்தறான்" என்று என் பாட்டி ஜகதாம்பாள் சிரிப்பாள். என் தகப்பனார் சிரித்ததாக யாரும் சொன்னதில்லை. வாஞ்சிநாதன் சாதம் கேட்குமுன் பரிமாறப்பட்டதையும், தாம் கேட்டபின் பரிமாறப்பட்டதையும் ஐம்பது வருஷங்களுக்குப் பிறகும் அவர் கிழமையோடு சொல்வார்.

அந்த வருஷம் ஜனவரியில், கட்டுரை வகுப்பில் பேராசிரியர் ஸான்யால் இவர்கள் இருவருக்கும் ஒரு போட்டி வைத்தார். தலைநகர் தில்லிக்குப் போகும் என்ற அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதனால் கல்கத்தா தாழுமா, தாழாதா என்பதே பொருள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் முதலில் கட்டுரைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஒருவருக்கொருவர் மறுப்பு எழுத வேண்டும். மறுப்புகள் வகுப்பில் படிக்கப்படும். நகரத்தைப் பற்றி மாணவர்கள் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். வெல்பவனுக்குத் தம் பி.ஏ. ஆனர்ஸ் வகுப்பில் எஞ்சியிருந்த ஒரே இடம் என்றார் ஸான்யால். "நான்கு பக்கம். அதற்கு மேல் ஒரு வரியும் படிக்க மாட்டேன்" என்றும் சொன்னார்.

தாழும் என்ற கட்சி வாஞ்சிநாதனுக்கு விழுந்தது. தாழாது என்பது என் தகப்பனாருக்கு.

"ஒரே வீட்டுக்குத்தானே வரப்போறது? யாருக்குக் கிடைச்சா என்ன?" என்றார் என் தாத்தா சந்தானம். அந்த வார்த்தைக்காக என் தகப்பனார் அவரை மன்னிக்கவே இல்லை.

வாஞ்சிநாதனின் கட்டுரையை அவர் பதினொரு முறை படித்தார். பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. சர்க்கார் ஆபீஸ்கள் போய்விடும், வீடுகள் காலியாகும், அவ்வளவுதான். இதைக் கண்டு அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் ஏமாற்றமே அடைந்தார். இரண்டு வருஷமாகத் தம்மை வாட்டியவன் இவ்வளவு சாதாரணமாகவா எழுதுவான்?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாத்தா தர்க்கம் படித்தவர். மோர்க்குழம்பா வற்றல்குழம்பா என்ற விவாதமானாலும், எதிராளியின் கட்சியான பூர்வபக்ஷத்தை முதலில் நிலைநிறுத்தாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. "அவன் சொன்னதை அவனைவிட நன்னாச் சொல்லு. அப்புறம் உடை" என்பார். என் தகப்பனார் அப்படியே செய்தார். வாஞ்சிநாதன் நினைத்தும் பார்க்காத நியாயங்களை அவருக்காகத் தேடினார். காலியான காரியாலயங்களின் படிக்கட்டுகளில் புல் முளைப்பதை எழுதினார். வக்கீல்களும் அச்சகக்காரர்களும் ஒவ்வொருவராக ஹௌரா ஸ்டேஷனுக்கு நடப்பதை எழுதினார். தம் பொறாமைக்குத் தகுந்த உயரத்தில் எதிரியை எழுப்பி நிறுத்தியபோது நான்கு பக்கமும் முடிந்திருந்தது. விதி அவருக்கு நினைவிருந்தது. ஆனால் ஒரு வரியைக்கூட வெட்ட மனம் வரவில்லை. இந்த இடத்துக்கு வந்தபின் எவனும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க மாட்டான் என்று நம்பி, மறுப்பை ஐந்தாம் பக்கத்தில் எழுதினார்.

ஸான்யால் உரக்கப் படித்தார். வகுப்பு அசையவில்லை. நான்காம் பக்கத்தின் கடைசி வரி முடிந்ததும் ஐந்தாம் பக்கத்தைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"ஸார், மறுப்பு அதில்தான் இருக்கிறது" என்றார் என் தகப்பனார், எழுந்து நின்று.

"இருக்கலாம். இதுவரை நான் படித்தது உமது எதிராளியின் வெற்றியை."

முப்பத்தெட்டு பேரில் முப்பத்தொருவர் கல்கத்தா தாழும் என்று கை தூக்கினார்கள். வாஞ்சிநாதனின் மறுப்புக்கு அவர்கள் காத்திருக்கவே இல்லை; அது அதற்குப் பின்தான் படிக்கப்பட்டது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனர்ஸ் இடம் அவருக்குப் போயிற்று.

திரும்பும்போது டிராமில் வாஞ்சிநாதன், கள்ளமில்லாமல்தான், சொன்னார்: "நான் சொல்ல நினைச்சதெல்லாம் நீயே சொல்லிட்டேடா, சிவராமா. எனக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியாது."

"வாயை மூடிண்டு வா."

"அந்த அஞ்சாம் பக்கத்தைக் கொடேன், படிக்கறேன்."

"கிழிச்சுப் போட்டாச்சு." அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

என் தகப்பனார் பி.ஏ.வுக்குப் போகவில்லை. தாத்தா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஒரு கப்பல் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்து நான்கு வருஷம் கல்கத்தாவிலேயே இருந்தார். கல்கத்தா தாழும் என்று வென்றவர் தில்லி சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார். 1931-இல் தசராவுக்கு வந்த வாஞ்சிநாதன் சாப்பிட்டுக் கை அலம்பும்போது, "அந்த அஞ்சாம் பக்கத்துல என்னதான்டா எழுதியிருந்தே?" என்று கேட்டார். நான் அருகில் இருந்தேன். "உன்னைத் தவிடுபொடியாக்கியிருந்தேன்" என்றார் என் தகப்பனார். இருவரும் சிரித்தார்கள். என் தகப்பனார் முதலில் நிறுத்திவிட்டார்.

அவர் காலமானபின் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதே என் வேலை. மறுப்பு பதினான்கு வரிகள். அவற்றில் ஐந்து அடிக்கப்பட்டிருக்கின்றன. துறைமுகம் இருக்கும்வரை நகரம் இருக்கும் என்கிறது. முந்தைய நான்கு பக்கங்களின் முன் அது நிற்கவே இல்லை. ஸான்யால் படித்திருந்தாலும் ஏழு கைகள் எட்டாகியிருக்கும் என்று தோன்றவில்லை. என் தகப்பனாருக்கும் அது தெரிந்திருக்கும்.

வாஞ்சிநாதன் மாமா இன்னும் தில்லியில் இருக்கிறார். கட்டுரையின் பிரதி கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். முதல் நான்கு பக்கங்களை நகலெடுத்து அனுப்பிவைத்தேன்.